வெற்றுத் தாளில் வாங்கிய கைநாட்டு

அன்பு மகனுக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்டு எழுதும் கடிதம் இல்லை இது. போன ஞாயிற்றுக்கிழமைதான் போர்ட் பிளேர் லம்பா லைனில் நம் வீட்டில் உட்கார்ந்து மீன்குழம்பை மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு லாங் ஐலண்டுக்குப் படகேறினாய். நீ நன்றாகத்தான் இருக்கிறாய். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நெருக்கடி நிலை வந்ததிலிருந்து உறைகள் ஒட்டியபடி வந்து சேர்வதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். உன் அலுவலகத்துப் பியூன் மேலும் சந்தேகம், உன் மேலதிகாரி மேலும் சந்தேகம். கடைசியாக, சொல்லக் கூசுகிறது, உன் மேலும் சந்தேகம். அதனால் நாளைக் காலைப் படகை ஓட்டும் சாரங்கிடம் கொடுத்து, உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லப் போகிறேன். படித்தபின் கிழித்துப் போடாதே. இது என் கைப்பட எழுதிய வாக்குமூலம். உனக்கு வேண்டாம் என்றாலும் வேறு ஒருவனுக்குத் தேவைப்படும்.

சாப்பிட்டு முடித்து, உன் அம்மா கட்டித் தந்த ஊறுகாய் பாட்டிலை வைப்பதற்காக உன் பையைத் திறந்தாய். உள்ளேயிருந்து நாடா கட்டிய ஒரு கட்டு சரிந்து விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். எல்லாம் வெள்ளைத் தாள்கள். மேலே ஒரு எழுத்துகூட இல்லை. கீழே வலது மூலையில் மட்டும் நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை, அதன் பக்கத்தில் பென்சிலில் ஒரு பெயர். இது என்ன என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய்.

"ஒண்ணுமில்லப்பா. ஆளுங்க காட்டுக்குள்ள மரம் வெட்டிக்கிட்டு இருப்பாங்க. போட் ரெண்டு மணி நேரம்தான் நிக்கும். ஒவ்வொரு காகஸுக்கும் கைநாட்டு வாங்க அவனுங்கள தேடிப் பிடிச்சுக் கூட்டி வர்றதுக்குள்ள போட் போயிடும். அதனால முன்னாலயே விரல வாங்கி வச்சுக்குவோம். லாங் ஐலண்ட்ல எப்பவும் இதான் வழக்கமாம். அந்தக் காலத்துல யாரோ ஒரு டைம்கீப்பர் ஆரம்பிச்சு வச்சிருக்கான். தேஜ் ஆளுப்பா, மூளக்காரன்."

"விரல வாங்கி வச்சு என்னடா செய்வீங்க, உப்புல போட்டு ஊற வப்பீங்களா?" என்றாள் உன் அம்மா. நீ அதற்கும் சிரித்தாய். சிரித்த வாயோடு ராசையாவின் கதையையும் சொன்னாய். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டு, மண்டபம் அகதி முகாமில் இறங்கி, யாரோ ஆள்பிடிக்கிறவன் பேச்சைக் கேட்டு லாங் ஐலண்டுக்கு வேலைக்கு வந்தவன். லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வராமல் ஒன்பது நாள் ஆனதும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அலுவலகக் குடோனில் இரண்டு கெரசின் டின் காணவில்லை. அவன்தான் எடுத்தான் என்று பேச்சு. அவனுடைய வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, என் சொந்த விருப்பத்தின் பேரில் ஊர் திரும்புகிறேன் என்று நீயே டைப் அடித்துவிட்டாய். வருகிற செவ்வாய்க்கிழமை அவனை மதராஸ் கப்பலில் ஏற்றிவிடுவீர்கள்.

"அவனுக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"கப்பல் அன்னிக்குத் தெரிஞ்சுக்குவான்" என்றாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப எமர்ஜென்சிப்பா. கோர்ட்டு கீர்ட்டு எல்லாம் பந்த். எல்லாம் ரூல்படிதான் போகுது, காகஸ் பக்காவா இருக்கு" என்று சமாதானமும் சொன்னாய்.

நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. உன்னைப் படகுத்துறை வரைக்கும் கொண்டுவந்து விட்டேன், கையை ஆட்டினேன், திரும்பி வந்தேன். அந்த டைம்கீப்பர் நான்தான்.

உனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். லாங் ஐலண்டில் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஒரு மரக் காண்டிராக்டரின் முகாமில் டைம்கீப்பர். பேர்தான் டைம்கீப்பர். ஆஜர் எடுப்பது, ரேஷன் சீட்டு எழுதுவது, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதுவது, ஊருக்குப் போகிறவனுக்கு லீவு எழுதுவது எல்லாம் நான். நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆட்களுக்கு ஹிந்தி வராது. முன்ஷிக்குத் தமிழ் வராது. முன்ஷி என்றால் காண்டிராக்டருக்கு எல்லாமுமாக இருந்த மனிதர். அவர் இருமினால் முகாம் முழுக்க எழுந்து நிற்கும். அவருக்கும் ஆட்களுக்கும் நடுவில் நான் நின்றேன். நடுவில் நிற்பவன் இரண்டு பக்கமும் பார்ப்பான் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து தன் சோறு வருகிறதோ அந்தப் பக்கம் பார்ப்பான்.

படகு வந்தால் இரண்டு மணி நேரம். அதற்குள் போர்ட் பிளேருக்குப் போக வேண்டிய காகிதமெல்லாம் போயாக வேண்டும். தவறினால் அடுத்த படகு எப்போது என்று கடலைத்தான் கேட்க வேண்டும். ஒரு தடவை மரம் சாய்ந்து கால் நசுங்கிய ஒருவனுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதி, அவன் ரேகை வாங்கப் போய்த் திரும்புவதற்குள் படகு கிளம்பிவிட்டது. காலை வெட்டும்படி ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த யோசனை எனக்குத் தோன்றியது. மாதத்தின் முதல் நாள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஐந்து வெள்ளைத் தாளில் விரல் வாங்கி ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தாளை உருவினால் போதும், சீட்டு தயார். நான் கெட்ட எண்ணத்தோடு ஆரம்பிக்கவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு ஆரம்பிக்கும் காரியத்தைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கெட்ட எண்ணக்காரனை ஊரே கண்காணிக்கும். நல்ல எண்ணக்காரனிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

ஒரே ஒருவன்தான் மாட்டேன் என்றான். அந்தோணி. தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், முகாமின் டிங்கிப் படகை ஓட்டுபவன். சாமியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன், அழகாகக் கையெழுத்துப் போடுவான்.

"எழுதி முடிங்க அண்ணாச்சி, படிச்சுப் பாத்துட்டுப் போடுதேன்" என்றான்.

"பெரிய கலெக்டரு. படிச்சுப் பாத்துட்டுப் போடுவாராம்ல" என்று நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். வரிசை முழுக்கச் சிரித்தது.

"கலெக்டரு படிக்காமலே போட்டிருவாரு அண்ணாச்சி. நான் டிங்கிக்காரன், எனக்கு அம்புட்டு வசதி இல்ல" என்றான். வரிசை இன்னும் பலமாகச் சிரித்தது, இந்தத் தடவை என்னைப் பார்த்து. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அற்பமான கோபம்தான். ஆனால் அதிகாரம் கையில் இருக்கிறவனுக்கு அற்பக் கோபமே போதும்.

இரண்டு மாதம் கழித்து அவனே வந்தான். அவன் மனைவி செலின் முழுகாமல் இருந்தாள். ஐந்தாவது மாதத்தில் ரத்தம் கண்டிருந்தது. திடீரென்று ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நேர்ந்து, அப்போது தான் டிங்கியில் எங்காவது அலைந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்ற பயம். நான் அவனைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தேன். பிறகு மூன்று தாளை எடுத்து நீட்டினேன். அவன் மூன்றிலும் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் அண்ணாச்சி" என்றான். பின்னே எதுக்குடே என்று கேட்டேன்.

மழைக்காலம் தொடங்கியதும் அந்தோணி முன்ஷியிடம் போய், டிங்கியின் அடிப்பலகை இற்றுவிட்டது, இனிமேல் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரே நடையில் நாற்பது ஆளை ஏற்ற மாட்டேன் என்று சொன்னான். நான்தான் ஹிந்தியில் எடுத்துச் சொன்னேன். அடுத்த வாரம் ஜெட்டிக் கொட்டகையில் ஒரு சுருள் கம்பி வடம் காணவில்லை. அந்தோணிதான் எடுத்தான் என்று பேச்சு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? எனக்குச் சந்தேகம் உண்டு. நிரூபணம் கிடையாது. படகு வந்து நின்ற பிறகு முன்ஷி என் அறைக்குள் வந்தார். "அந்தோணி கா காகஸ் ஹை ந? நிகாலோ" என்றார். அந்தோணியின் தாள் இருக்கிறதல்லவா, எடு என்று அர்த்தம். எடுத்தேன். அவர் ஹிந்தியில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். குடும்பக் காரணத்தால் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு ஊர் திரும்புகிறேன், எனக்கு யார் மேலும் எந்தப் புகாரும் இல்லை. கையெழுத்துக்கு மேலே இடம் போதாமல் போய்விடக்கூடாது என்று எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி எழுதினேன். நன்றாக வந்திருக்கிறதே என்றுகூட நினைத்தேன்.

டிங்கியைக் கட்டிக்கொண்டிருந்தவனை இரண்டு ஆட்களும் ஒரு போலீஸ்காரரும் அப்படியே படகுக்குக் கூட்டிப்போனார்கள். அவனிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினார்கள். அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தான். ஆங்கிலம் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டான். சொன்னேன்.

"இது என் கையெழுத்துதான் அண்ணாச்சி. ஆனா இத நான் சொல்லலியே. நான் என்ன செஞ்சேன்னு இவுக நெனைக்காக? அதயாவது கேட்டுச் சொல்லுங்க."

முன்ஷி என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "போர்ட் பிளேர்ல போயி பேசிக்கலாம்டே, இப்ப ஏறு" என்றேன். அங்கே அவனிடம் பேச யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே மதராஸ் கப்பல் புறப்படத் தயாராக நின்றிருந்தது. செலினை உடன் அனுப்பவில்லை. அவள் பேரில் காகிதம் இல்லை என்று முன்ஷி சொல்லிவிட்டார். ஏழு மாத வயிற்றோடு அவள் ஜெட்டியில் நின்றாள். அவளை நம் வீட்டுக்குக் கூட்டிவந்தது உன் அம்மா. அடுத்த படகு வரும் வரைக்கும் பதினேழு நாள் நம் வீட்டில் இருந்தாள். அந்தப் பதினேழு நாளும் உன் அம்மா எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"வடத்த அவன் எடுத்தானான்னு அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"எல்லாம் பேப்பர்ல இருக்கு" என்றேன்.

"பேப்பர்ல நீங்கதான இருக்கீக" என்றாள்.

இதைவிடக் கேவலமான ஒன்று மிச்சம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். நான்கு மாதம் கழித்து அந்தோணி ஊரிலிருந்து ஒரு மனு அனுப்பியிருந்தான். தன்மேல் என்ன குற்றம் என்று சொல்லட்டும், தன் பதிலைக் கேட்கட்டும், பிறகு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி என்று எழுதியிருந்தான். அதை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். வயசானவர், மரியாதையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார். இது அந்தோணியின் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். உங்கள் கண் முன்னால் போட்டாரா என்றார். ஆமாம் என்றேன். கட்டாயப்படுத்தினீர்களா என்றார். இல்லை என்றேன். மூன்றும் உண்மை. தாள் அப்போது காலியாக இருந்ததா என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மனுவை மூடிக் கட்டினார்கள். ஆறு மாதத்தில் முன்ஷி கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு எனக்குப் போர்ட் பிளேரில் வேலை கிடைத்தது. நீ நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தது, பரீட்சை எழுதியது, இன்றைக்கு அதே தீவில் மேஜை நாற்காலியோடு உட்கார்ந்திருப்பது எல்லாம் அந்த மூன்று ஆமாம் இல்லைகளிலிருந்து வந்தவை. தெரிந்துகொள்.

அந்தோணி வடத்தை எடுத்தானா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எடுத்திருக்கலாம். நல்லவன், எடுத்திருக்கமாட்டான் என்று சொல்லி உன் கண்ணில் தண்ணீர் வரவைக்க நான் விரும்பவில்லை. நல்லவனுக்கு மட்டும்தான் விசாரணை என்றால் அது விசாரணையே இல்லை, தயவு. திருடியவனாகவே இருந்தாலும், நீ திருடினாய் என்று சொல்கிறோம், உன் பதில் என்ன என்று அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. கேட்காததால் பதினெட்டு வருஷமாக உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. நான் எழுதிய காகிதம் மட்டும்தான் இருக்கிறது.

பிறகு போர்ட் பிளேர் ஆபீஸில் வேலை செய்யும்போது அரசியல் சட்டப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. மதிய நேரங்களில் படித்தேன். சட்டம் வகுத்த வழிமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது. பிடித்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், ஒரு நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இந்த நாட்டின் குடிமகன் நாட்டில் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அதை எழுதியவர்கள் மனிதர்களை நம்பி எழுதவில்லை என்று எனக்குப் பட்டது. முன்ஷியை நம்பவில்லை, வயசான அதிகாரியை நம்பவில்லை, என்னைப் போன்ற டைம்கீப்பரை நிச்சயமாக நம்பவில்லை. அவசரத்தில், கோபத்தில், பயத்தில் நாங்கள் என்னவெல்லாம் செய்வோம் என்று முன்கூட்டியே சந்தேகப்பட்டுத்தான் ஒவ்வொரு படியாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தோணியும் அதே சந்தேகத்தைத்தான் பட்டான். அவனைத்தான் நான் கலெக்டர் என்று கேலி செய்தேன்.

வெள்ளைக்காரன் ஆட்களைத் தண்டித்துக் கப்பலில் இங்கே கொண்டுவந்து கொட்டினான். அவன்கூட முதலில் பெயருக்கு ஒரு கோர்ட்டில் நிறுத்தினான். நாம் சுதந்திரம் வாங்கிக்கொண்டு, கோர்ட்டும் இல்லாமல், இங்கிருந்து ஆட்களைக் கப்பலேற்றுகிறோம். கேட்டால் காகஸ் பக்காவாக இருக்கிறது என்கிறோம். காகிதம் பக்காவாக இருக்கும் இடத்தில்தான் நீ இரண்டு தடவை பார்க்க வேண்டும். எங்கள் முகாமில் அதைவிடச் சுத்தமான காகிதம் வேறு இருந்ததில்லை.

ராசையா ஊர் திரும்புகிறான் என்று டைப் அடித்தாயே, எந்த ஊர்? அந்தக் காகிதத்தில் ஊர்ப் பெயர் போட்டாயா? அவன் பிறந்தது இலங்கையில். அங்கே அவனை வேண்டாம் என்றார்கள். மண்டபத்தில் இறங்கியவன் தன் தாத்தாவின் ஊரைப் பார்த்திருப்பானா என்றே சந்தேகம். மதராஸ் துறைமுகத்தில் இறங்கி அவன் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்? கெரசின் டின்னை எடுத்திருந்தால் விசாரியுங்கள். தண்ணீர் கேட்டது குற்றம் என்றால் அதையும் எழுதி அவனிடம் கொடுங்கள், என்ன பதில் சொல்கிறான் என்று கேளுங்கள். கோர்ட் பந்த் என்கிறாய். டில்லியில் எதை நிறுத்தி வைத்திருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. எதிரில் நிற்கிறவனிடம் ஒரு கேள்வி கேட்கக்கூடாது என்று உன் வாயை யாரும் நிறுத்தி வைக்கவில்லை.

உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது தெரியும். தை மாதம் கல்யாணம், பெண்ணின் அப்பா அதே இலாகாவில் இருக்கிறார் என்பதும் தெரியும். மேலதிகாரி உன்னைப் பார்ப்பார். எனக்கு அப்போது வயசு முப்பதுதான், எனக்கும் நீயும் உன் அம்மாவும் இருந்தீர்கள். காரணம் எல்லோருக்கும் இருக்கும். காரணம் இல்லாமல் யாரும் அயோக்கியத்தனம் செய்வதில்லை. அதனால் உன் காரணத்தை எனக்கு எழுதாதே. கையில் இருக்கும் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளையும் அதற்குரியவன் கண் முன்னால் கிழித்துப் போடு. ராசையாவின் பேரில் நீ டைப் அடித்த காகிதத்தை அவனுக்குத் தமிழில் படித்துக் காட்டு. நீ இதைச் சொன்னாயா என்று கேள். இல்லை என்று சொன்னால், இல்லை என்கிறான் என்று அதன் கீழேயே எழுதி உன் கையெழுத்தைப் போட்டு மேலே அனுப்பு. அவ்வளவுதான். ஒரு பத்து நிமிஷ வேலை.

நீ செய்வாய் என்று நம்பி நான் சும்மா இருக்கப் போவதில்லை. என் மகன் என்பதாலேயே உன்னை நம்பத் தயக்கமாக இருக்கிறது. வெற்றுத்தாளில் விரல் வாங்கும் வழக்கத்தை யார், எதற்காக ஆரம்பித்தது, அதை வைத்து அந்தோணிக்கு என்ன செய்தோம், அதிகாரியிடம் நான் எதை மறைத்தேன் என்பதையெல்லாம் தனியாக மூன்று பிரதி எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். ஒன்று இங்கே மாஜிஸ்திரேட்டுக்கு. ஒன்று கல்கத்தா ஹைகோர்ட்டுக்கு. அங்கே யாராவது பிரித்துப் படிப்பார்களோ என்னவோ. ஒன்று தூத்துக்குடியில் அந்தோணியின் பழைய விலாசத்துக்கு. அவன் உயிரோடு இருக்கிறானா என்றும் தெரியாது. முதல் இரண்டிலும் ராசையாவின் விஷயத்தையும் சேர்த்து, அதில் உன் பெயரை எழுதும் இடத்தை மட்டும் இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் அதை நிரப்பிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை காலையில், மதராஸ் கப்பல் நிற்கும் சாத்தம் ஜெட்டிக்குப் போகிறேன். நீங்கள் ராசையாவைக் கப்பலேற்றக் கொண்டுவந்தால், ஏணிக்குக் கீழே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் அவனைக் கேட்பேன்: ஐயா, போகிறேன் என்று நீங்கள் சொன்னீர்களா? அவனைப் பிடித்து வருகிறவர்களில் நீயும் இருந்தால் உன்னைத் தாண்டித்தான் கேட்பேன்.

உன் அம்மாவும் கூட வருகிறாள். என்னைத் தனியாக விட்டால் அங்கே போய் வாயைத் திறப்பேன் என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா